வீட்டில் யாருக்காவது இருந்ததா?

இரண்டு தடவையும் ஒன்றுபோலத்தான் வந்திருக்கிறது என்று இன்பவல்லி மேடம் சொன்னபோது ரெஜிலா மேசைமேல் இருந்த பஞ்சு ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திருகி வைக்கக் கை பரபரத்தது. மூன்று வருஷ நர்சிங் படிப்பில் கைக்கு ஏறிவிட்ட பழக்கம், திறந்து கிடப்பதையெல்லாம் மூடுவது. பிறகு, வேண்டாம், தொடவேண்டாம் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஹெபடைட்டிஸ் பி. பாசிட்டிவ். மேடம் அதைச் சின்னக் குரலில்தான் சொன்னாள், ஆனாலும் ரெஜிலா திரும்பி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. கல்லூரியின் சுகாதார அறைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு, இந்தத் திருநெல்வேலி வெயிலில், யார் வருவார்கள்? அயர்லாந்துக்குப் போகிற ஒன்பது பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு மாதம் கோடைப் பயிற்சி. தடுப்பூசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று சான்று அனுப்பச் சொல்லி அங்கிருந்து கேட்டிருந்தார்கள். எட்டுப் பேருக்குப் பிடித்திருந்தது. இவளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஏன் என்று பார்க்க இன்னொரு சோதனை, அது சரிதானா என்று பார்க்க மறுபடியும் ஒன்று. “முதல் வருஷமே மூணு ஊசியும் போட்டேனே மேடம்” என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது, ஆஸ்பத்திரியில் பில் தவறு என்று வாதாடுகிறவர்களின் குரல். “போட்டிருக்கே, கார்டுல இருக்கு. அதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கும்மா. உள்ள இருக்கிறது மேல ஊசி போட்டு என்ன ஆகும்? அப்ப யாரும் ரத்தம் பார்க்கல.” மேடம் ஒரு படிவத்தை எடுத்தாள். “பெரும்பாலும் சின்ன வயசுலயே வர்றதுதான். வீட்டுல யாருக்காவது இருந்ததா? ஈரல் வியாதி, மஞ்சக்காமாலை?” இல்லை மேடம். “அம்மா?” நல்லா இருக்காங்க. “அப்பா?” அப்பா குடிச்சு செத்துட்டார் மேடம்.

அந்த வாக்கியம் எப்போதும் தடங்கல் இல்லாமல் வரும். கல்லூரியில் சேரும்போது, விடுதி வார்டனிடம், அறைத்தோழி ஃபர்ஹானாவிடம், ஆறு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி, பெயரும் ஊரும் சொல்வதுபோல ஆகிவிட்டது. ரெஜிலா, குலசேகரம் பக்கம், அப்பா குடிச்சு செத்துட்டார். கேட்கிறவர்கள் உச் என்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். இன்பவல்லி மேடம் உச் என்று சொல்லவில்லை. பேனா நின்றது. “ஈரல் கெட்டா?” ஆமா. “எத்தனை வயசுல?” நாற்பத்தி மூணு. மேடம் படிவத்தில் என்னமோ எழுதினாள். எதிரிலிருந்து தலைகீழாக வாசிப்பது ரெஜிலாவுக்குப் பழக்கம், வார்டில் கேஸ் ஷீட்டை அப்படித்தான் வாசிப்பாள். அப்பா, வயது, ஈரல், அதற்குப் பிறகு குடி என்ற சொல் இல்லை. ஒரு கேள்விக்குறி இருந்தது. மேடம் அதற்கப்புறமும் நிறையச் சொன்னாள். பயப்படாதே, மருந்து இருக்கு, எத்தனையோ பேர் இதோட வேலை பார்க்கிறாங்க, கல்யாணம் பண்ணிக் குழந்தை பெத்துக்கிறாங்க, ஈரல் டாக்டரைப் பார்க்கணும், ரத்தத்துல கிருமி எவ்வளவு இருக்குன்னு இன்னொண்ணு எடுக்கணும், அயர்லாந்துக்கு நான் மெயில் போடறேன், முதியோர் இல்லம்தானே, ஆபரேஷன் தியேட்டர் இல்லையே, விடலாம், விடாமலும் போகலாம், இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. “அம்மாவை நாளைக்கே வரச்சொல்லு. அவங்களுக்கும் பார்த்தாகணும். இப்ப கிளாஸுக்குப் போறியா, ரூமுக்குப் போறியா?” கிளாஸுக்கு, என்றாள். ரூம் என்றதும் அங்கே கொடியில் தொங்கும் துண்டும், அலமாரியில் ஃபர்ஹானாவும் அவளும் பொதுவாக வைத்திருந்த நகவெட்டியும் கண்முன் வந்துவிட்டன. மணி இரண்டு பத்து. அம்மா வேலை பார்ப்பது அண்டி ஆபீஸில். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். போனையெல்லாம் காலையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்றரை மணி டீக்குத்தான் கையில் கொடுப்பார்கள். இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருந்தது.

ஹாலில் நாற்காலிகளைத் தள்ளிப்போட்டு நடுவில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலில் ஃபர்ஹானா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு எண்பத்தெட்டு வயது அயர்லாந்துக் கிழவியாகப் படுத்திருந்தாள். “ஐ டோண்ட் வாண்ட் பாத். கோ அவே” என்று கடையநல்லூர்க் குரலில் சிணுங்கினாள், எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்டல் மேடமும் சிரித்தாள். அந்த நாட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள், இவர்களைத் தயார் செய்வது அவள் பொறுப்பு. “சிரிக்காதீங்க, இப்படித்தான் சொல்வாங்க. குளிக்கமாட்டேன்னு சொன்னா அது அவங்க உரிமை. நம்ம ஊர்ல மாதிரி, வாங்க பாட்டின்னு கையைப் பிடிச்சு இழுத்தீங்கன்னா மறுநாள் விசாரணை. முதல்ல கேளுங்க. தொடறதுக்கு முன்னாடி கேளுங்க. மே ஐ?” எல்லோரும் சேர்ந்து மே ஐ என்றார்கள். ரெஜிலாவின் வாயும் அசைந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், தலைக்கு மேல் மின்விசிறி, ஆனாலும் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. தொடுவதால் பரவாது. இருமினால், தும்மினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கு, வெட்டுக்காயம், பொதுவான ஊசி, பொதுவான சவரக்கத்தி. போன தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி, முழுப்பக்கம் எழுதிப் படமும் போட்டிருந்தாள், ஒன்பது கிடைத்தது. ஒரு மதிப்பெண் எதற்குக் குறைத்தார்கள் என்று அன்று முழுக்க யோசித்தாள். எழுதும்போது அந்தக் கிருமி எழுதுகிற விரலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் விரல்களைப் பார்த்தாள். இடதுகைச் சுட்டுவிரலில் ஆறிப்போன ஒரு வெட்டு. மூன்று வாரத்துக்கு முன்பு மாங்காய் நறுக்கும்போது பட்டது. ஃபர்ஹானா பதறி வந்து விரலைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு இழுத்துப் போனாள். ரத்தம் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. ஃபர்ஹானாவின் கையில் காயம் இருந்ததா? மருதாணி இருந்தது. காயம்? ஆனால் அவளுக்கு ஊசி பிடித்திருக்கிறதே, எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி, நல்லா ஏறியிருக்குன்னு காலையில் குதித்தாளே, ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகியிருக்காது. எட்டுப் பேருக்குப் பிடித்திருந்தது. இவளுக்கு மட்டும். நினைப்பு சுற்றிச் சுற்றி அந்த எண்ணிலேயே வந்து முட்டியது.

“அடுத்தது, சாமான்கள். இது முக்கியம், எழுதிக்கோங்க” என்றாள் கிறிஸ்டல் மேடம். அங்கே ஒவ்வொருவருக்கும் தனி சீப்பு, தனி பிரஷ், தனி ரேசர், எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கும், அவசரத்துக்குக்கூட ஒருத்தருடையதை இன்னொருத்தருக்கு எடுக்கக்கூடாது. ரேசர் என்று ரெஜிலா எழுதினாள். எழுதியதற்கு அப்புறம் பேனா நகரவில்லை. அப்பாவின் ரேசர் வாசல் நிலைக்கு மேலே, கதவுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் இருந்தது. அதற்கு முன்னால் கிணற்றடிச் சுவரில் சோப்புப் பெட்டியோடு கிடக்கும், அவள் பிளேடைக் கழற்றிப் பென்சில் சீவுவாள், அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். கடைசி வருஷம்தான் அது மேலே போயிற்று. பிளேடு மட்டுமா போயிற்று? தட்டு. அப்பாவுக்கு எவர்சில்வர் தட்டு ஒன்று தனியாக வந்தது, ஓரத்தில் வளைந்த தட்டு. தனி சோப்பு, தனித் துண்டு. அவர் நகம் வெட்டினால் துணுக்குகளைக் காகிதத்தில் மடித்து அடுப்பில் போடுவார். அம்மாவுக்கு அவர்மேல் அருவருப்பு வந்துவிட்டது என்று ரெஜிலா நினைத்தாள். வரட்டுமே, குடிகாரனுக்கு வேறென்ன கிடைக்கும் என்றும் நினைத்தாள். பதினைந்து வயது அவளுக்கு, பத்தாம் வகுப்பு. அப்பா கிறிஸ்துதாஸ் விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகிறவர், எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் பால் வாடை அடிக்கும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் குடித்தது உண்மை. ஒரு தடவை ஓடைக்குள் விழுந்து கிடந்தவரை நாலு பேர் தூக்கிவந்ததை அவளே பார்த்திருக்கிறாள். அப்புறம் விட்டுவிட்டார் என்றார்கள். அப்புறம் வயிறு வீங்கியது, கண் மஞ்சளாகியது, ஊர் முழுக்கச் சொன்னது, விட்டவன் இப்படி ஆவானா, ஒளிச்சுக் குடிச்சிருக்கான். அவள் தேடினாள். ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொட்டகையில், வைக்கோலுக்கடியில், அவருடைய பையில், வாழைத்தோப்புப் பள்ளத்தில். ஒரு குப்பிகூட அகப்படவில்லை. அகப்படாததால் அவர் மேல் கோபம் இரண்டு பங்கானது. எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறார் என்று. குப்பி இல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. மேடத்தின் படிவத்தில் இருந்த அந்தக் கேள்விக்குறி.

இருக்காது. அவசரப்படாதே. அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், பிரசவத்தில் வருவதுதான் அதிகம், மேடமும் அதைத்தான் சொன்னாள். அம்மாவிடமிருந்து இவளுக்கு. அப்படியானால் அம்மாவின் ஈரல்? கொட்டைப்பால் பட்டுக் கறுத்து வெந்துபோன விரல்களோடு பத்து மணி நேரம் குந்தியிருந்து முந்திரி உடைக்கிற அம்மாவுக்குச் சோர்வு இருக்கத்தானே செய்யும், போன தடவை ஊருக்குப் போனபோது பசிக்கல்ல மக்ளே என்று கஞ்சியைத் தள்ளி வைத்தாளே, அது எத்தனை நாளாக? கண் மஞ்சளாக இருந்ததா? பார்க்கவில்லை. ஊருக்குப் போன மூன்று நாளும் போனில் குளிர்க்கோட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடமிருந்து அப்பாவுக்கா, அப்பாவிடமிருந்து அம்மாவுக்கா, பிளேடிலிருந்து இவளுக்கா, பென்சில் சீவும்போது எத்தனை தடவை விரலை வெட்டிக்கொண்டிருக்கிறாள், இதில் எது முதல், எது பிறகு. யார் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்தால் மட்டும் என்ன செய்ய? ஆனால் தட்டு ஏன் தனியாக வந்தது? குடிகாரனின் தட்டை யாராவது தனியாக வைப்பார்களா?

“ரெஜிலா, நீ வா. வாய் சுத்தம் செய்றது.” கிறிஸ்டல் மேடம் கூப்பிட்டது இரண்டாம் தடவை போலிருந்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து போனாள். கட்டிலில் ஃபர்ஹானா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தாள், பல்லில்லாத கிழவியாக உதட்டை உள்ளே மடித்திருந்தாள். தட்டில் மெல்லிய துணியும் தண்ணீரும் மாய்ச்சரைசரும் இருந்தன. “இந்தப் பாட்டி பிரிஜிட்டுக்கு ஈறுல ரத்தம் வருது. நீ என்ன செய்வே? செஞ்சு காட்டு.” மே ஐ, என்றாள் ரெஜிலா. “யெஸ் டியர்” என்றாள் ஃபர்ஹானா. துணியைச் சுற்றிய விரல் அவள் வாய்க்கு ஒரு ஜாண் தூரத்தில் நின்றுவிட்டது. “க்ளவுஸ்! க்ளவுஸ் எங்கே?” என்று மேடம் சத்தம் போட்டாள், “முதல் பாடமே மறந்துட்டியா?” கை அந்தரத்தில் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரி. ஆறு வருஷத்துக்கு முன்பு, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். அப்பாவின் ஈறிலிருந்து ரத்தம் கசிந்து கடைவாயில் காய்ந்திருந்தது. அம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். ரெஜிலாவுக்கு அவர்மேல் கோபம்தான், ஆனால் ரத்தத்தைப் பார்த்ததும் கோபம் நினைவில்லை, துப்பட்டா நுனியை நனைத்துத் துடைக்கக் குனிந்தாள். அப்பா கண்ணைத் திறந்தார். “தொடாத!” அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அவள் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் அவள் பின்னால் போய்ப் பக்கத்துக் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டாள். “தொடாதன்னா தொடாத பிள்ளே! போயி கை கழுவு! சோப்புப் போட்டுக் கழுவு!” வார்டே பார்த்தது. யாரோ சொன்னார்கள், சரக்கு கிடைக்காத வெறி, அதான் இப்படி. அவளும் அப்படித்தான் நம்பினாள். கை கழுவு என்று அவர் சொன்னது ஆறு வருஷமாக அவள் காதில் இருந்திருக்கிறது. தள்ளியது மட்டும்தான் நினைவிலிருந்தது, கழுவச் சொன்னது இப்போதுதான், இந்தக் கட்டிலருகே நிற்கும்போதுதான், சொல் சொல்லாகக் கேட்டது. சோப்புப் போட்டுக் கழுவு. அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிறிஸ்துதாஸுக்கு, எட்டாம் வகுப்பு படித்த பால் வெட்டுக்காரருக்கு, ரத்தத்தில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கிறது.

ஃபர்ஹானா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். “ஏய், என்னாச்சுடி? முகமெல்லாம் வெளுத்திருக்கு.” எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். ரெஜிலா பின்னால் நகர்ந்தாள். நகர்ந்த விதம் ஃபர்ஹானாவைக் குழப்பியது, நீட்டிய கை அப்படியே நின்றது. “தலை சுத்துது மேடம்” என்று கிறிஸ்டல் மேடத்திடம் சொன்னாள் ரெஜிலா, “கொஞ்சம் வெளியே நின்னுட்டு வாறேன்.” போ, தண்ணி குடி, மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா என்று மேடம் கேட்டது முதுகுக்குப் பின்னால் வந்தது. ஹாலுக்குப் பின்புறம் ஜெனரேட்டர் அறை, அதன் நிழலில் சிமெண்ட் படி. உட்கார்ந்தாள். படி சுட்டது, சுட்டபடியே உட்கார்ந்திருந்தாள். மூன்று பதினேழு. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் இருந்தது, சத்தமான இடத்திலிருந்து வெளியே வந்ததும் கேட்குமே, அது. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? அப்பாவுக்கு மட்டும் தெரியுமா? தட்டைத் தனியாக வாங்கி வந்தது யார்? சோப்பை? அவளுக்கு விடை தெரிந்திருந்தது. தெரிந்த விடையை எடுத்துப் பார்க்காமல் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். மூன்று இருபத்தைந்து. மூன்று இருபத்தெட்டு. அம்மா இப்போது எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். மேஸ்திரி பெட்டியைத் திறப்பான். மூன்று முப்பத்தொன்றுக்கு அழைத்தாள்.

“என்ன மக்ளே, இந்நேரத்துக்கு? கிளாசு இல்லியா?”

எப்படி ஆரம்பிப்பது என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். முதலில் சோதனையைப் பற்றி, பிறகு பயப்படவேண்டாம் என்று, பிறகு மருந்து. அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“அம்மா, அப்பாக்கு என்ன தீனம்?”

தீனம் என்றால் அவர்கள் ஊரில் நோய். போனில் தகர டம்ளர்களின் சத்தம், பெண்களின் பேச்சு, யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

“ஏன் கேக்க?” என்றாள் அம்மா.

என்ன கேள்வி இது என்று கேட்கவில்லை. குடிதான், வேறென்ன என்று சொல்லவில்லை. ஏன் கேக்க. அந்த இரண்டு சொல் போதும். ரெஜிலா படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ரத்தம் பாத்தாங்கம்மா, அயர்லாந்து போறதுக்கு. எனக்கு இருக்கு. ரெண்டு தடவ பாத்தாச்சு.”

அம்மா நடக்கிற சத்தம் கேட்டது. பெண்களின் பேச்சு தூரமாகியது. ஒரு கதவு கிறீச்சிட்டது. அம்மாவின் மூச்சு மட்டும் கிட்டத்தில் வந்தது.

“அம்மா.”

“மெடிக்கல் காலேசுல வச்சு டாக்டரு சொன்னாரு மக்ளே” என்றாள் அம்மா. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோலத் தணிந்த குரல். “ரத்தத்துல கிருமி, அதான் ஈரலத் தின்னுது, குடி இல்லன்னு. ஒனக்க அப்பா குடிய விட்டு அப்பளே எட்டு வருசம் கேட்டியா. நான் பாத்துட்டுதானே கெடந்தேன். வீட்டுல எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும்னு சீட்டு எழுதித் தந்தாரு. பஸ்ஸு ஏறப்போவும்போ ஒனக்க அப்பா அதக் கிழிச்சுப் போட்டாரு.”

“ஏன்?”

“நீ அப்பளே நர்சுக்குப் படிக்கணும் நர்சுக்குப் படிக்கணும்னு சொல்லிட்டு நடந்தே. ரத்தத்துல தீனம் உள்ளவனுக்க மொவள எந்த ஆஸ்பத்திரியில வேலைக்கு எடுப்பாவ, எவன் கெட்டுவான்னு கேட்டாரு. கேக்குறவியகிட்ட எல்லாம் குடின்னு சொல்லு ரோஸ்லெட்டுன்னு எனக்கிட்ட சொன்னாரு. குடின்னா அது எனக்க கூடக் குழிக்குள்ள போவும், இது போவாதுன்னாரு.”

அப்பா சாவதற்கு இரண்டு நாள் முன்பு, வார்டில், எல்லோர் முன்னாலும், ரெஜிலா அவரிடம் கத்தியிருந்தாள். குடிச்சுக் குடிச்சு எங்களை நடுத்தெருவுல விட்டுட்டுப் போறீங்களே, நீங்களெல்லாம் ஒரு அப்பனா என்று. தொண்டை கிழியக் கத்தினாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் படர்ந்த கண். பிறகு, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோல, நன்றாகத் தெளிவாக, “ஆமா மக்ளே, குடிச்சுத்தான்” என்றார். அவர் அவளிடம் சொன்ன கடைசி வார்த்தை அது. அம்மா அப்போது பக்கத்தில்தான் நின்றாள், பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு.

“நீங்க அங்கதானே நின்னீங்க” என்றாள். “நான் கத்தும்போ.”

“நின்னேன்.”

“எனக்க வாயப் பொத்தியிருக்கலாம்லா?”

அம்மாவின் அடக்கிய அழுகை மூக்குவழி வந்தது. “அவரு சத்தியம் வாங்கியிருந்தாரு. அப்புறம், நீ அங்க சேந்ததும் போன் பண்ணி, காமாலைக்கு உள்ள ஊசி மூணும் போட்டாச்சும்மான்னு சொன்னியே. அண்ணைக்கு நான் கோயில்ல போயி மெழுகுதிரி கொளுத்தினேன் மக்ளே. எனக்க பிள்ள தப்பிச்சாச்சுன்னு நெனச்சேன்.”

கோபம் வரவேண்டிய இடம் இது என்று ரெஜிலாவுக்குத் தெரிந்தது. ஆறு வருஷம். சீட்டைக் கிழிக்காமல் இருந்திருந்தால் பதினைந்து வயதிலேயே தெரிந்திருக்கும், வருஷம் இரண்டு தடவை பார்த்திருப்பார்கள், மருந்து வேண்டுமென்றால் மருந்து. ஆனால் பதினைந்து வயதில் தெரிந்திருந்தால் இந்தக் கல்லூரி வாசலுக்கு அவள் வந்திருப்பாளா? நர்சுக்கு விண்ணப்பம் போடத் துணிந்திருப்பாளா? சரி என்றும் சொல்லமுடியவில்லை, தப்பு என்றும் சொல்லமுடியவில்லை. அவர் தனக்குப் பூசிக்கொண்ட பெயரை ஆறு வருஷமாக ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொன்னது அவள்தான். கேட்டவர்களுக்கெல்லாம், கூச்சமில்லாமல், அரை நிமிஷத்தில்.

“நீங்க எடுத்தீங்களா? டெஸ்ட்?”

“இல்ல.”

“ஆறு வருசமாவா?”

“எடுத்தா எழுத்துல வந்துரும்லா.”

ஹாலுக்குள் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. ஃபர்ஹானா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டாள். ரெஜிலா, வாறேன் என்று தலையசைத்தாள்.

“நாளைக்கு மொத பஸ்ஸுல வாங்கம்மா. லீவு சொல்லிருங்க. ரத்தம் எடுக்கணும்.”

“ஒனக்க அயர்லாந்து?”

“தெரியாது. மேடம் கேட்டு எழுதுறேன்னு சொன்னாங்க. விட்டாப் போவேன்.”

“யாருகிட்டயும் சொல்லிராத என்னா? கூட இருக்க பிள்ளைககிட்ட…”

“மேடத்துக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியப்போவுது. எனக்க ரூம்ல இருக்க பிள்ளகிட்ட இண்ணைக்கு நானே சொல்லுவேன். அப்பாவப் பத்தியும் சொல்லுவேன்.” படியிலிருந்து எழுந்தாள். “சத்தியம் நீங்கதானே குடுத்தீங்க. நான் குடுக்கல்ல.”

அங்கே மணி அடித்தது, நீளமாக. டீ நேரம் முடிந்தது. அம்மா போனை வைக்கவில்லை. மேஸ்திரி யாரையோ அதட்டுவது கேட்டது, அப்போதும் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பிறகு, சந்தைக்குப் போகும்போது என்ன வாங்கணும் என்று கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்.

“வெறும் வயித்துலயா மக்ளே வரணும்?”

ரெஜிலா கண்ணை மூடிக்கொண்டாள். இதற்குப் பதில் அவளுக்குத் தெரியும்.

“வேண்டாம்மா” என்றாள். “சாப்பிட்டுட்டு வாங்க.”